கைவலிக்கு எண்ணெய்

ஆண்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதை அவர்களின் முகத்தைப் பார்க்காமலே கேட்டுப் பழகியவள் நான். பார்க்க விடமாட்டார்கள், அதனால்தான். கஹவத்தைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் ஹுஸைனுக்குத் தையல் கடை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் அவர் கோட்டுத் தைப்பார். இந்தப் பக்கம் நான் அந்தக் கோட்டுக்குப் பொத்தான் துளை போடுவேன், பெண்களுக்குச் சட்டை தைப்பேன். பாதிக் கடை என் கையில்தான் ஓடியது, பெயர்ப்பலகையில் இருந்தது அவர் பெயர் மட்டும். அதைப் பேச ஆரம்பித்தால் கதை வேறெங்கோ போய்விடும், விடுங்கள்.

சனிக்கிழமைப் பின்னேரம் இரத்தினபுரி பஸ்ஸில் கொழும்பு வாரப் பத்திரிகை வந்து இறங்கும். ஹுஸைனுக்கு நல்ல குரல். மௌலூது ஓதுவதற்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பத்திரிகை வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு உரத்து வாசிப்பார். கேட்க ஊரின் பெரிய மனிதர்களே வருவார்கள்.

இரத்தினக்கல் வியாபாரி கபூர் ஹாஜியார் வருவார். மலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி பழனியாண்டி வருவார். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். துரைக்கு அடுத்தபடி அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் கடை இருந்த கட்டிடமும் அவருடையது. சாராயக் குத்தகைக்கார அப்புஹாமி முதலாளி வருவார். யாழ்ப்பாணத்தவரான தபால் மாஸ்டர் ஞானசேகரம் வந்து மூலையில் உட்காருவார். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது, அவ்வளவு அமைதி. அப்புஹாமி முதலாளிக்குத் தமிழ் அரைகுறை. ஒவ்வொரு பகிடியையும் ஹுஸைன் அவருக்குச் சிங்களத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் எல்லாச் சிரிப்பும் எனக்கு இரண்டு தரம் கேட்கும்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் முன்பக்கம் அடைந்து கிடக்கிற நேரம் என்பதால் அவர்களின் பெண்கள் பின்பக்கம் வருவார்கள். குசினி வாசலால் துணியோடு வந்து, அளவு கொடுக்கிற சாட்டில் உட்கார்ந்து, திரைக்கு இந்தப் பக்கமிருந்து அதே கதையைக் கேட்பார்கள். ஹாஜியாரின் பெண்சாதி ஸைனம்பு ராத்தா திரை கட்டிய கூட்டு வண்டியில் வந்து இறங்குவா. தபால் மாஸ்டரின் பெண்சாதி தங்கரத்தினம் அக்கா குடையோடு நடந்து வருவா. கங்காணியின் இரண்டாந்தாரம் புஷ்பம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வருவாள். சின்னப் பெண். முதல் பெண்சாதி தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வழுக்கி விழுந்து செத்தவள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

அந்த வருசம் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்துகொண்டிருந்தது. எழுதியவர் பெயர் அட்டைக்கடியன். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பாதையில் நடந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கால் அரிக்கும். எழுதுகிறவர் இந்த மலைக்காரர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. யார் என்றுதான் தெரியவில்லை. கதாநாயகர் ஒரு தங்கப்பல் தனவந்தர். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு, கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டுப் போடுவார். நாயோடு இங்கிலீசில் பேசுவார். இறப்பர் விலை விழுந்ததும் பெட்ரோலுக்கு வழியில்லாமல் மோட்டார் காரில் இரண்டு மாட்டைப் பூட்டி, உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து சந்தைக்குப் போவார். மாடு நின்றால் ஹோன் அடிப்பார்.

சிரிக்காமல் என்ன செய்வது? இறப்பர் விலை விழுந்து எங்கள் ஊரிலும் கார்கள் கொட்டிலில் கிடந்த காலம் அது. ஹாஜியார் இது கங்காணிதான் என்று நினைத்துச் சிரித்தார், ஏனென்றால் கங்காணியிடம் கார் இருந்தது. கங்காணி இது ஹாஜியார்தான் என்று நினைத்துச் சிரித்தார், ஏனென்றால் ஹாஜியாருக்குத் தங்கப்பல் இருந்தது. அப்புஹாமி முதலாளி இரண்டு பேரையும் நினைத்துப் பிந்திச் சிரித்தார். இந்தப் பக்கம் நாங்களும் சேர்ந்தே சிரித்தோம். கோட்டுக்கு மேல் கோட்டு வந்த இடத்தில் நான் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டேன். அப்படி ஒரு கோட்டை நானே பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தேனே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு சனிக்கிழமை வேறொன்று வந்தது. ஹுஸைன் வழக்கம்போல ராகம் போட்டு வாசித்தார். தனவந்தர் அன்று பெண்சாதியைப் பிரம்பால் அடித்து முடித்தாராம். அடித்த களைப்பில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தாராம்.

"'கை வலிக்கிறது. எண்ணெய் சூடாக்கிக்கொண்டு வா' என்றார் தனவந்தர். அவளும் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட்டாள். 'மெல்ல, மெல்ல. எனக்கு வலி தாங்காது' என்றார் தனவந்தர்."

முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஹுஸைன் தொண்டையைச் செருமினார். யாரோ கதிரையை இழுத்துப் போட்டார். அப்புஹாமி முதலாளிக்குச் சிங்களத்தில் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பிரம்பு வந்த இடத்திலும் சத்தமில்லை, எண்ணெய் வந்த இடத்திலும் சத்தமில்லை.

ஆனால் இந்தப் பக்கம் பார்க்க வேண்டுமே. ஸைனம்பு ராத்தா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினா. புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்காத சிரிப்பு என் வீட்டுக்குள்ளேயே நடந்தால் எனக்குப் பொறுக்காது.

"என்னத்துக்கு ராத்தா சிரிக்கிறீங்க? அந்தப் பொம்புள பாவமில்லயா?" என்று கிசுகிசுத்தேன்.

ஸைனம்பு ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. "ஒனக்கு வெளங்காது புள்ள. ஒன்ட மாப்புள ஒன்ட கையில ஊசி குத்தினா ஊதி விடுற மனுசன். எங்கட ஹாஜியார் எண்ணெ கேக்கமாட்டார். தைலம். கொழும்புல இருந்து போத்தல்ல வரும்."

"எங்க வீட்டுல உப்பு ஒத்தடங்க அக்கா" என்றாள் புஷ்பம். "உப்ப துணியில முடிஞ்சு அடுப்புல சூடு காட்டி வைக்கணும். சூடு கொஞ்சம் கூடிருச்சுன்னா அதுக்குத் தனியா விழும்." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

முந்திய மாதம் அவளுக்குச் சட்டை அளவு எடுத்தபோது இடது கை தோளுக்கு மேல் வரவில்லை. வழுக்கி விழுந்துட்டேங்க என்றாள். நானும் எண்ணெய் போட்டு நீவச் சொல்லி அனுப்பினேன். ஐயோ, எவ்வளவு மக்கு நான். வழுக்கி விழுவது அந்த வீட்டுப் பெண்சாதிகளுக்கு வருகிற வியாதி என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை? முதலாமவள் ஒரேயடியாக வழுக்கி விழுந்தாள். இவள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் எத்தனை நாளுக்கு?

கபூர் ஹாஜியார் தன் கையாலேயே ஏழைகளுக்கு அரிசி அளந்து போடுகிறவர். அந்தக் கைக்குத்தான் தைலமா? அன்றிரவு ஹுஸைனிடம் கேட்டேன், ஆண்கள் ஏன் அந்த இடத்தில் சிரிக்கவில்லை என்று.

"அதுல என்ன சிரிப்பு ஈக்கு?" என்றார். "மாடு இழுக்கிற காரு, அது பகிடி. அடிக்கிறது ஊர்ல நடக்கிறதுதானே, அதுல என்ன புதினம்?"

அவர் கெட்டவர் இல்லை. ஒரு எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் நடப்பார். அவரே இப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரில் நடக்கிற ஒன்று, கதையில் வந்தாலும் கண்ணில் படாதாம். மாடு இழுக்கிற கார் மட்டும் படுமாம்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் இன்னொன்று. அடித்தபின் எண்ணெய் கேட்பதை எந்த ஆணும் வெளியில் சொல்லமாட்டான். எந்தப் பெண்ணும் ஆணிடம் சொல்லமாட்டாள். அப்படியானால் இந்த அட்டைக்கடியனுக்கு எப்படித் தெரியும்? அதை நினைக்கும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. எல்லாரும் சிரித்தபோது தங்கரத்தினம் அக்கா சிரிக்கவில்லை. மடியில் துணியை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தா. ஹுஸைன் வாசிக்க வாசிக்க அவவின் உதடு அசைந்தது. எண்ணெய் வந்த இடத்தில் மட்டும் உதடு முந்திக்கொண்டது. "மெல்ல, மெல்ல" என்று அவவின் வாய் சொல்லி முடித்தபிறகுதான் ஹுஸைன் வாசித்தார். நான் கண்ணால் கண்டது அது, கற்பனை இல்லை.

கேட்டிருப்பேன். என் வாய் எப்போது சும்மா இருந்தது? ஆனால் அந்த வாரம் ஊர் வேறு மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் கூடுகிற இடமெல்லாம் எண்ணெய்ப் பேச்சுத்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பீலியடியில் பேசினார்கள், கொழுந்து மலையில் பேசினார்கள், வாசிக்கத் தெரியாதவர்களும் கதையைப் புத்தகம்போல ஒப்பித்தார்கள். கங்காணி மலையில் பிரம்பை ஓங்கினால் அடுத்த நிரையிலிருந்து ஒரு குரல், "எண்ணெ காய்ச்சவாங்க?" என்று. திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலையும் கொழுந்துக்குள் குனிந்திருக்கும். கூடைகள் மட்டும் குலுங்கும். சொன்னது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். இதைப் புஷ்பம்தான் அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் உதடு வீங்கியிருந்தது.

"எங்கிட்ட இருந்துதான் வெளிய போயிருக்குன்னு நெனைக்கிறாருங்க. நான் கோயிலுக்குப் போற சாக்குல யாருகிட்டயோ பேசுறேனாம். இன்னிக்கு ராத்திரி வந்து விசாரிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"பொறகு நீ ஏன் இங்க வந்த?" என்றேன்.

"வீட்டுல ஒக்காந்து ராத்திரிக்காகக் காத்துக்கிட்டிருக்க முடியலங்க அக்கா."

நானும் ஸைனம்பு ராத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தங்கரத்தினம் அக்கா அன்றைக்கு வரவில்லை. அதற்குள் முன்பக்கம் ஆட்கள் வந்து உட்காருகிற சத்தம். ஹுஸைன் பத்திரிகையை விரித்தார். கங்காணி அதை மடிக்கச் சொன்னார்.

"வாசிப்பெல்லாம் பொறகு. போன வாரம் எழுதியிருந்தானே எண்ணெ, அத அவனுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? மலையில கொழுந்து பறிக்கிறவளுக எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிறாளுக."

ஹாஜியாரின் குரல் இதமாக வந்தது. அவருக்கு உள்ளுக்குள் சந்தோசம் என்று எனக்குத் தெரியும். "உங்களப் பத்தின கதை எண்டு நீங்க ஏன் நெனக்கிறீங்க கங்காணியார்?"

"என்னையப் பத்தி இல்லன்னுதானே சொல்றேன்" என்று கத்தினார் கங்காணி. "எந்த மடையன் எண்ணெ கேப்பான்? எண்ணெ பட்டா சட்ட பூராவும் கறையாப் போயிரும். உப்பு ஒத்தடந்தான் கேப்பான்."

சொன்னது என்ன என்று சொன்னவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"மொகத கிவ்வே?" என்றார் அப்புஹாமி முதலாளி. என்ன சொன்னார் என்று கேட்கிறார். அவர் மறுபடியும் கேட்டார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவருக்கு யார் எது கேட்டாலும் சிங்களத்தில் திருப்பிச் சொல்லிப் பழக்கம். மூளை தடுப்பதற்கு முன்னால் வாய் வேலையை முடித்துவிட்டது. கங்காணி மாத்தயா எண்ணெய் கேட்பதில்லை, உப்புத்தான் கேட்பார் என்று பவ்வியமாகச் சொன்னார்.

"லுணுத?" என்றார் அப்புஹாமி முதலாளி. உப்பா என்று அந்த ஒரு சொல்தான், பெரிய அக்கறையோடு.

புஷ்பம் சிரித்துவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள், நான் கண்டேன், இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. உயரமான, கணீரென்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் கங்காணி எப்போதாவது கேட்டிருப்பார், கலியாணம் முடித்த புதிதில்.

கதிரை பின்னால் தள்ளப்பட்டது. "அது யாரு உள்ள?" என்றார் கங்காணி. குரல் இறங்கிப்போயிருந்தது. கத்தும்போது இல்லாத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. "எங்க வீட்டுச் சிரிப்பு மாதிரியில்ல இருக்கு."

அப்போது ஸைனம்பு ராத்தா சிரித்தா. ஹாஜியார் வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு, தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஒரு கையால் என் தொடையைக் கிள்ளினா. நானும் சிரித்தேன். கனைத்தேனோ சிரித்தேனோ, சத்தம் வந்தது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்துப் புஷ்பத்துக்கும் மறுபடி வந்துவிட்டது. எது யாருடைய சிரிப்பு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சப்பாத்துச் சத்தம் திரையை நோக்கி வந்தது. பச்சைத் துணியின் ஓரத்தில் மோதிரம் போட்ட விரல்கள் தெரிந்தன. நான் கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"கங்காணியார்." கூப்பிட்டது ஹுஸைன். கட்டிடம் கங்காணியுடையது, நாங்கள் குடியிருப்பவர்கள். "உள்ளுக்கு பொம்புளயள் ஈக்காங்க. தெரய தொட ஏலாது."

விரல்கள் போகவில்லை.

"கைய எடுங்க" என்றார் கபூர் ஹாஜியார். அவரும் எழுந்துவிட்டார். "அது முஸ்லிம் வீட்டுத் தெர. என்ட பெண்சாதியும் உள்ளுக்குத்தான் ஈக்கா. தெரய தூக்கினா பொறகு நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

விரல்கள் போய்விட்டன. அந்தத் திரையை எத்தனை நாள் சபித்திருப்பேன். முகம் தெரியாது, காற்று வராது, வெளிச்சம் வராது என்று. அன்றைக்கு அதன் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் எரிச்சல் போகவில்லை. வீட்டில் தைலம் கேட்கிற மனிதர் ஒரு முழத் துணிக்காக மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். துணிக்கு இருக்கிற மரியாதை உள்ளே இருக்கிறவளுக்கு இல்லை. சரி, அந்த நேரத்துக்கு அந்த மரியாதையாவது இருந்ததே.

"சரி" என்றார் கங்காணி. "நான் இங்கனயே ஒக்காந்திருக்கேன். உள்ள இருக்கிறவ வெளிய வந்துதானே ஆகணும்." கார் டிரைவரைக் கூப்பிட்டுப் பின்பக்கச் சந்தில் போய் நிற்கச் சொன்னார்.

இனி அவளை அவருடைய கையில் கொடுத்தால் பீலியடியில் இன்னொரு வழுக்கல்தான். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

"ஒன்ட உம்மா எங்க?" என்று ஸைனம்பு ராத்தா காதோடு கேட்டா.

"புளத்கொகுபிட்டியப் பக்கத்துல, தோட்டத்துலங்க. ஆனா அம்மா திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பினா அப்ப பாப்பம். இப்ப என்னோட வா."

என் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து அவளுக்குத் தலையிலிருந்து கால்வரை போர்த்தினேன். பொட்டை என் முந்தானையால் துடைத்தேன். கால் விரலில் மெட்டி. நடந்தால் கல்லில் உரசிச் சத்தம் வரும், முஸ்லிம் பெண் மெட்டி போடமாட்டாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புஷ்பம் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானே கழற்றி என் ஊசிப்பெட்டிக்குள் போட்டாள்.

முன்பக்கம் ஹுஸைன் வாசிக்க ஆரம்பித்திருந்தார். நான் சொல்லவில்லை, அவருக்கே தோன்றியிருக்கிறது. அட்டைக்கடியனை வாசித்து முடித்தார். அந்த வாரம் மறுபடியும் மாடு இழுத்த கார்தான். யாரும் சிரிக்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. இறப்பர் விலை வாசித்தார், பல்பொடி விளம்பரம் வாசித்தார், யாரோ மட்டக்களப்பில் காலமானதை ராகத்தோடு வாசித்தார். அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் குசினி வாசலைத் திறந்தோம்.

கூட்டு வண்டி வாசலிலேயே நின்றது. சந்தில் கங்காணியின் டிரைவர். போர்த்திய இரண்டு பெண்கள் இறங்குவதைக் கண்டதும் அவன் வழக்கப்படி முகத்தைத் திருப்பி நின்றுகொண்டான். ஹாஜியார் வீட்டு வண்டிக்குள் எட்டிப்பார்க்க அவனுக்குப் பைத்தியமா? வண்டித் திரை விழுந்தது. ஹாஜியாரின் மாடுகள், ஹாஜியாரின் வண்டி, கங்காணியின் பெண்சாதியை ஏற்றிக்கொண்டு பெல்மடுல்லைப் பக்கம் பஸ்ஸுக்குப் போயின. முன்பக்கம் அந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பல்பொடி விளம்பரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். மாடு இழுத்த கார் எல்லாம் என்ன பெரிய பகிடி.

விளக்கு வைத்த பிறகு கங்காணி கேட்டார், உள்ளே யார் என்று. நான் திரைக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னேன். "நான் மட்டுந்தான் ஈக்கேன் கங்காணியார். உங்கட கோட்டுக்குப் பொத்தான் வைக்கிறேன்." அவர் எழுந்து போனார்.

அவர் அவளைத் தேடிப் போகவில்லை. தேடிப் போனால் ஏன் ஓடினாள் என்று கேட்பார்கள். கொழுந்து மலையே வாயைத் திறக்கத் தயாராகக் காத்திருந்தது. பெண்சாதி சுகமில்லாமல் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். புஷ்பத்தின் தாய் முதலில் திருப்பி அனுப்பத்தான் பார்த்தாளாம். மகளுக்குக் குளிக்க வார்க்கும்போது முதுகைக் கண்டபிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்று பிறகு செய்தி வந்தது. மெட்டி என் ஊசிப்பெட்டியில்தான் கிடக்கிறது. அவள் கேட்டு ஆள் அனுப்பவில்லை.

கங்காணி எங்களைக் கட்டிடத்தை விட்டு எழுப்பினார். நாங்கள் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை பிடித்தோம். மெஷினும் வந்தது, திரையும் வந்தது. சனிக்கிழமை வாசிப்பும் தொடர்ந்தது, கங்காணி மட்டும் இல்லை. அட்டைக்கடியன் அதன்பிறகு பெண்சாதியைக் கதையில் கொண்டுவரவே இல்லை. காரும் நாயும் கோட்டும்தான். ஆண்களுக்குப் பெரிய திருப்தி. நல்லவேளை கதை பழையபடி சுவையாகிவிட்டது என்று ஹாஜியார் சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்கு மட்டும் அந்த ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. புது இடத்துக்குத் தங்கரத்தினம் அக்கா முதல் தடவை துணி கொண்டுவந்தபோது வேறு யாரும் இல்லை. மழை வேறு. விடுவேனா?

"ஒன்னு கேப்பன் அக்கா, கோவிக்கப் படாது. அட்டைக்கடியன் ஆரு?"

அவ குடையை மூலையில் சாத்தினா. "அவர்தான்" என்றா.

மூலையில் உட்காருகிற ஞானசேகரம் மாஸ்டர். தன் கதையைத் தானே கேட்டுக்கொண்டு, யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் காதால் பார்த்த வேலையை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"அப்ப அந்த எண்ணெ? ஆம்புளக்கி அது எப்பிடித் தெரியும்?"

தங்கரத்தினம் அக்கா துணியை விரித்து மடித்து மறுபடியும் விரித்தா. "அவற்ற கையெழுத்து ஒருத்தருக்கும் விளங்காது. நான்தான் வடிவா எழுதிக் குடுக்கிறனான். அவர் எழுதினது பிரம்போட முடிஞ்சுது, அதுக்குப் பிறகு நாய். நடுவில எண்ணெயை நான் வைச்சனான்."

"அவர் ஒன்டும் செல்லல்லயா?"

"பேப்பரிலதான் கண்டவர். ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. பிறகு பத்திரிகை ஆசிரியர் அந்த இடம் அபாரம் எண்டு எழுதிப் போட்டிட்டார். இப்ப நெருங்கின சிநேகிதர் ஆரும் வீட்டை வந்தால், தான் எப்பிடி அதை யோசிச்சனான் எண்டு விளக்கம் குடுக்கிறார். நான் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு நிண்டு கேக்கிறனான்."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் கேட்டேன், "இப்ப எண்ணெ கேக்கிறாரா?"

"இல்லை. அதுக்குப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லை."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு கதை ஒரு மனிதனைத் திருத்திவிட்டதே என்று இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். "அப்ப எல்லாம் நின்டு போச்சு."

அளவு எடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். வலது கை தூக்கினா. இடது கை தோளோடு நின்றுவிட்டது.

"எண்ணெய்தான் நிண்டது, ஸபியா."

நான் அளவு நாடாவைச் சுற்றி வைத்தேன். ஸைனம்பு ராத்தாவின் வண்டி சனிக்கிழமைப் பின்னேரம் இந்தக் கடைக்கும் பின்வாசலில்தான் நிற்கும் என்று அவவுக்குச் சொன்னேன்.